பேசி என்ன கண்டார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திறப்பு விழாவுக்குச் சென்றிருந்தோம். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்பனவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரைப் புண்படுத்துவது நம் நோக்கமன்று. திறக்கப்பட்டது ஒரு பேருந்து நிழற்குடை. நான்கு தூண்கள், மேலே ஒரு தகரக் கூரை, உட்காருவதற்குச் சிமெண்டுத் திண்ணை ஒன்று. அதன் நெற்றியில் நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் ஒரு முழ உயரத்துக்கு எழுதப்பட்டிருந்தது. ஊரின் பெயரைத் தேடினோம். மூலையில் சிறியதாய் ஒதுங்கிக் கிடந்தது. பேருந்திலிருந்து எட்டிப் பார்க்கும் வெளியூர்க்காரர் அந்த உறுப்பினரின் பெயரையே ஊர்ப் பெயராக எண்ணிக்கொண்டாலும் வியப்பில்லை.

மேடையேறிய பெரியவர் ஒருவர் முழங்கினார்: “முன்பு இருந்தவர் டெல்லிக்குப் போனார், பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பேசி என்ன கண்டார்? இவர் பேசவில்லை, நமக்கு நிழல் தந்தார்!” கைதட்டல் வானைப் பிளந்தது. நம் சமுதாயப் பெரியவர்கள் சிலரும் முன்வரிசையிலிருந்து தட்டினார்கள். நாம் தட்டினோமா என்று கேட்பீர்கள். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: பக்கத்திலிருப்பவர் தட்டும்போது நம் கையும் தானாக எழுந்துவிட்டது. வீடு திரும்பிய பிறகுதான் அந்தச் சொற்கள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தன. ‘பேசவில்லை’ என்பது ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்குப் புகழ்மாலையா? ‘இவர் ஓதிக்கொடுக்கவில்லை, ஆனால் மத்ரஸாவுக்கு வெள்ளையடித்தார்’ என்று ஓர் உஸ்தாதைப் பாராட்டுவீர்களா?

அந்த நிழற்குடை உறுப்பினரின் கைப்பணமும் அன்று. தொகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று 1993-இன் இறுதியில் தொடங்கப்பட்டது. முதலாண்டு ஆளுக்கு 5 இலட்சம் ரூபாய். பிறகு ஆண்டுக்கு 1 கோடி, 2 கோடி என்று வளர்ந்து, 2011 முதல் 5 கோடியாயிற்று. ஐந்து கோடி என்றால் காதுக்குப் பெரிது. ஆனால் ஒரு தொகுதியில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கையில், பங்கு வைத்துப் பார்த்தால் ஆண்டுக்குத் தலைக்கு 33 ரூபாயும் தேறாது. இதற்குத்தான் இத்தனை வளைவுகள், இத்தனை மாலைகள்.

இந்தக் கணக்கை இன்னொரு கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். துணிகளின் மீதான சரக்கு சேவை வரியை 5 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக, 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து உயர்த்துவதென்று அறிவித்தார்கள். வணிகர்கள் எதிர்த்தார்கள், நெசவாளர்கள் எதிர்த்தார்கள், மாநில அரசுகள் எதிர்த்தன. 2021 டிசம்பர் 31 அன்று, அதாவது நடைமுறைக்கு வர ஒரே இரவு எஞ்சியிருந்தபோது, அது நிறுத்திவைக்கப்பட்டது. பதினாயிரம் ரூபாய்த் துணிக்கு அந்த உயர்வு 700 ரூபாய். நிழற்குடையில் நமக்கு வரும் பங்கு 33 ரூபாய்; வாயைத் திறந்ததால் ஒரே துணியில் மீந்தது 700 ரூபாய். பேசி என்ன கண்டார் என்று கேட்பவர்கள் முதலில் இந்தக் கழித்தலைப் போட்டுவிட்டு வரட்டும்.

இதை நாம் காஞ்சிபுரத்திலிருந்து எழுதுகிறோம். வேறு எந்த ஊர் ‘பேச்சினால் பயனில்லை’ என்று சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். இந்த ஊர் சொல்லலாகாது. 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று நெசவாளர் குடும்பமொன்றில் அறிஞர் அண்ணா பிறந்த ஊர் இது. பேச்சையே படையாகக் கொண்டு ஒரு மாநிலத்தின் ஆட்சியைப் பிடித்தவர் அவர். 1957-இல் இதே காஞ்சிபுரம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1962-இல் இதே காஞ்சிபுரம் அவரைத் தோற்கடித்தது. உள்ளூரில் தோற்ற அதே ஆண்டில்தான் அவர் மாநிலங்களவைக்குச் சென்றார். எனவே டெல்லிக்கு அண்ணாவைத் தந்த பெருமையில் நம் ஊரின் தோற்கடித்த கைக்கும் ஒரு பங்கு உண்டு! (இதைச் சொன்னால் பழைய காங்கிரஸ் அன்பர்கள் இன்றும் சிரிப்பார்கள்.)

1962 மே முதல் நாள் அந்த அவையில் அவர் ஆற்றிய கன்னிப் பேச்சு திராவிடர்க்குத் தன்னுரிமை கேட்டது. அந்தக் கோரிக்கை நிலைக்கவில்லை. அதே ஆண்டு சீனப் படையெடுப்பு வந்தது; 1963-இல் பிரிவினைப் பேச்சைத் தடுக்கும் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது; அந்த ஆண்டே அவரது கட்சி கோரிக்கையைக் கைவிட்டது. அந்தக் கோரிக்கையில் நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு. அதை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்து அவர் பேசிய இரண்டு பேச்சுக்களே நமக்கு வேண்டியவை.

முதலாவது, ஒரு சொல்லைப் பற்றியது. அரசியலமைப்பின்படி 1965 ஜனவரி 26-க்குப் பிறகு ஆங்கிலம் விலகி, இந்தி ஒன்றே ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக நிற்கவேண்டும். அந்த அச்சத்தைத் தணிப்பதற்காக 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதிலே, இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட‘லாம்’ என்றிருந்தது. ‘வேண்டும்’ என்றில்லை. இந்த இடத்தில் இரண்டும் ஒரே பொருள்தான் என்று பிரதமர் நேரு சமாதானம் சொன்னார். ஒரே பொருள் என்றால், ‘வேண்டும்’ என்றே எழுதிவிட்டுப் போவதில் என்ன தடை என்று அண்ணாவும் அவருடைய தோழர்களும் கேட்டார்கள். எளிய வினாதான். விடை வரவில்லை. சட்டம் ‘லாம்’ என்றே நிறைவேறிற்று.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த வழக்கு புதிதன்று. உசூலுல் ஃபிக்ஹ் என்னும் சட்டமூல இயலில் கால் வைக்கும் மாணவர்க்குத் தொடக்கத்திலேயே ‘அம்ரு’ பற்றிய பாடம் உண்டு. ‘செய்’ என்றொரு சொல் வந்தால் அது கட்டாயக் கடமையைக் குறிக்கிறதா, விரும்பத்தக்கதென்று மட்டும் காட்டுகிறதா, அல்லது செய்தாலும் குற்றமில்லை என்று வெறும் அனுமதி தருகிறதா? நம் இமாம்கள் இந்த ஒரு சொல்லின்மீது ஏடு ஏடாக எழுதி வைத்தார்கள். வேறு பொருளுக்கு இட்டுச்செல்லும் சான்று இல்லாவிடில் ஏவல் என்பது கடமையையே குறிக்கும் என்பது பெரும்பான்மையோர் முடிவு. வாஜிபுக்கும் முபாஹுக்கும் இடையில் எத்தனை தொலைவு என்பது ஓதுகிற பிள்ளைக்குத் தெரியும். தமிழிலக்கணமும் ஏவலையும் வியங்கோளையும் வேறு வேறாகத்தான் வைத்திருக்கிறது. ஆகவே 1963-இல் நடந்த அந்த வாதத்தைச் சொற்சிலம்பம் என்று நம்மவர் எவரேனும் தள்ளினால், அவர் தாம் ஓதியதை மறந்துவிட்டார் என்றே பொருள்.

என்ன நடந்தது? 1965 வந்தது. தமிழகம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டிலும் தீக்குளிப்பிலும் உயிர்கள் போயின. 1967-இல் ஆட்சி மாறிற்று. அந்த ஆண்டின் இறுதியில் அதே நாடாளுமன்றம் அதே சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே பயன்படுத்தப்பட ‘வேண்டும்’ என்று எழுதியது. இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றும்வரை அந்த ஏற்பாடு நீடிக்கும் என்றும் எழுதியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட சொல் உள்ளே நுழைந்துவிட்டது. அத்தோடு சேர்த்து நிறைவேற்றிய மும்மொழித் தீர்மானம் அண்ணாவுக்கு நிறைவளிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்; 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் செய்தது அதனால்தான். ஆயினும் இன்று நம் மாநில அரசுக்கு டெல்லியிலிருந்து வரும் கடிதம் இந்தியில் மட்டும் வந்தால், ‘இது சட்டத்துக்கு மாறு’ என்று திருப்பி எழுத ஒரு பிடி இருக்கிறதல்லவா? அந்தப் பிடியைச் செதுக்கியது வீதியில் சிந்திய குருதி மட்டுமன்று. எந்தச் சொல்லை மாற்றவேண்டும் என்று முன்கூட்டியே அவையில் சுட்டிக்காட்டிய நாவும் அதைச் செதுக்கியது.

இரண்டாவது பேச்சு நம் நாட்டின் பெயர் பற்றியது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடவேண்டும் என்னும் மசோதாவை மாநிலங்களவையில் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் வங்காளத்துக் கம்யூனிஸ்டு பூபேஷ் குப்தா. ஒரு தமிழருக்கு முன்பாக ஒரு வங்காளியார் கொண்டுவந்தார் என்பதை நினைத்தால் மகிழ்ச்சியும் வருகிறது, நாணமும் வருகிறது. 1963-இல் அண்ணா அதை ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றுவதால் என்ன ஆதாயம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ‘பேசி என்ன கண்டார்’ என்பதற்கு அண்ணன்தான் இந்தக் கேள்வி. நாடாளுமன்றத்தை லோக் சபை என்றும், மாநிலங்களவையை ராஜ்ய சபை என்றும், குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் மாற்றினீர்களே, அதில் நீங்கள் கண்ட ஆதாயம் என்ன என்று அண்ணா திருப்பிக் கேட்டார். பரிபாடலிலும் பதிற்றுப்பத்திலும் சிலம்பிலும் நம் நாட்டுக்கு இந்தப் பெயர் இருப்பதை எடுத்துக்காட்டினார். வாக்கெடுப்பில் மசோதா தோற்றது.

தோற்றதோடு முடிந்ததா? 1967 ஜூலை 18 அன்று நம் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. 1968-இல் நாடாளுமன்றமே சட்டம் செய்தது. 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு என்பது நம் பெயராயிற்று. அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்த இருபதாம் நாள், பிப்ரவரி 3 அன்று, அண்ணா மறைந்தார்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். சமுதாயத்தின் மீது சொல்லவேண்டிய குறை ஒன்று இருக்கிறது, கசந்தாலும் சொல்லிவிடுகிறோம்.

கண்ணியத்துக்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் படம் தொங்காத நம் மன்றங்கள் குறைவு. 1896-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து 1972 ஏப்ரலில் மறைந்த அப்பெருந்தகை, அரசியல் நிர்ணய சபையிலும், மாநிலங்களவையிலும், மஞ்சேரித் தொகுதியிலிருந்து மூன்று முறை மக்களவையிலும் அமர்ந்தவர். ஆண்டுதோறும் அவருக்கு விழா எடுக்கிறோம். பிறை கொடி கட்டுகிறோம். பிரியாணி போடுகிறோம். அவர் அவையில் பேசியதை மட்டும் படிப்பதில்லை.

படிக்காததன் விளைவைப் பாருங்கள். ‘தமிழே இந்தியாவின் ஆட்சிமொழியாக வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் முழங்கினார்’ என்று நம் மேடைகளில் ஆண்டாண்டாய்ச் சொல்லிவருகிறோம். அவைக்குறிப்பைத் திறந்தால் அவர் சொன்னது இதைவிட நுட்பமானது. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில் காந்தியார் விரும்பிய இந்துஸ்தானியை, நாகரி, உருது என்னும் இரண்டு வரிவடிவங்களிலும் ஏற்கவேண்டும் என்பதற்காக அவர் வாதாடினார். அப்போது, நாட்டுமொழிக்குப் பழமைதான் தகுதி என்று சொல்வீர்களானால் அந்தத் தகுதி திராவிட மொழிகளுக்கு, அவற்றிலும் தமிழுக்கே உரியது; அது என் தாய்மொழி; அதில் பெருமை கொள்கிறேன் என்னும் கருத்துப்பட எடுத்துரைத்தார். எதிர்வாதியின் அளவுகோலைக் கையில் வாங்கி அவரையே அளந்து காட்டும் முறை அது. மன்திக் படித்தவர்களுக்கு அதன் சுவை தெரியும். உருதுவின் எழுத்துக்கும் அவர் வாதாடினார். தமிழின் தொன்மைக்கும் சான்று பகர்ந்தார். ஒரே பேச்சில் இரண்டும் நின்றன. நாமோ அந்த இரண்டில் ஒன்றை வெட்டியெறிந்துவிட்டு மற்றதை ஊதிப் பெரிதாக்கினோம். பெரியவர்களைப் பெருமைப்படுத்துவதற்குப் பொய் வேண்டியதில்லை, படித்தால் போதும்.

இன்னொரு நாள், 1948 நவம்பர் 23. பொது உரிமையியல் சட்டம் பற்றிய வழிகாட்டும் நெறி, அன்று 35-ஆம் பிரிவு, இன்று 44-ஆம் பிரிவு, விவாதத்துக்கு வந்தது. எந்தச் சமூகத்தாரும் தமக்குரிய தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று காயிதெ மில்லத் ஒரு திருத்தம் கொடுத்தார். போக்கர் சாஹிபும் மஹ்பூப் அலி பேக் சாஹிபும் துணை நின்றார்கள். எதிர்த்தவர்கள் எளியவர்களல்லர்: முன்ஷி, அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், முடிவில் அம்பேத்கர். வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் 1935 வரை முஸ்லிம்களுக்கு ஷரீஅத் சட்டம் நடைமுறையில் இல்லை என்றும், மலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களிடையேயும் இருந்தது என்றும் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். அவை வலிமையான வாதங்கள். இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். திருத்தம் தோற்றது.

ஆனால் அந்தத் திருத்தம் எழுந்திராவிட்டால் அம்பேத்கர் எழுந்து விடை சொல்லியிருக்கமாட்டார். வருங்கால நாடாளுமன்றம் தொடக்கத்தில் ‘நாங்கள் உட்படுகிறோம்’ என்று தாமாக அறிவிப்பவர்களுக்கு மட்டும் அத்தகைய சட்டத்தைப் பொருத்தலாம் என்று அவர் அன்று சொன்னார். உத்தரகாண்டு மாநிலம் 2024-இல் பொது உரிமையியல் சட்டத்தை நிறைவேற்றி, 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, நாடெங்கும் வழக்கறிஞர்களும் எழுத்தாளர்களும் திறந்து பார்த்த ஏடுகளில் அந்த நவம்பர் நாளின் ஏடும் ஒன்று. தோற்றவரின் கேள்வி வென்றவரின் வாயிலிருந்து ஓர் உறுதியை வரவழைத்து, அதை அச்சில் ஏற்றிவிட்டது. ஷஹாதத் என்றால் சாட்சியம் என்று பொருள் சொல்லிக்கொடுக்கிறோமே, வழக்கு இன்று தோற்றாலும் சாட்சியம் ஏட்டில் இருக்கும் என்பதை ஏன் மறந்தோம்?

தனி உறுப்பினரால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு மற்றொன்றும் உண்டு. சுதந்திர இந்தியாவில் அமைச்சரல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவந்து சட்டமாகிய முதல் மசோதா எது தெரியுமா? சையது முஹம்மது அஹ்மது காஸ்மி என்னும் மக்களவை உறுப்பினர் 1952-இல் கொடுத்த முஸ்லிம் வக்ஃபு மசோதா. அது 1954-இல் சட்டமாயிற்று. அதன் வழி வந்ததே 1995-ஆம் ஆண்டுச் சட்டம். 2025 ஏப்ரலில் அதைத் திருத்தும் மசோதாவுக்காக மக்களவை நள்ளிரவையும் கடந்து அமர்ந்திருந்தது. 288 பேர் ஆதரித்தார்கள், 232 பேர் எதிர்த்தார்கள். தமிழக உறுப்பினர்கள் அந்த இரவில் என்னென்ன பேசினார்கள் என்று கேட்டால், கைப்பேசியில் வந்த அரை நிமிடத் துண்டுகளைத்தான் நம் இளைஞர்கள் காட்டுகிறார்கள். முழுப்பேச்சும் அவைக்குறிப்பில் கிடக்கிறது. திறப்பாரில்லை.

‘நாட்டுப் பிரச்சினைகளை டெல்லியில் பேசட்டும், ஊர்ப் பிரச்சினைக்குப் பேச்சு எதற்கு, பணம்தானே வேண்டும்’ என்று சிலர் பாகம் பிரிக்கிறார்கள். இந்தப் பாகப்பிரிவினையே பிழை. ஒலிமுகமதுபேட்டையிலிருந்து பிள்ளையார்பாளையம்வரை ஒருமுறை நடந்துவாருங்கள். முன்பு தெருவெல்லாம் தறியோசை கேட்ட இடங்களில் இப்போது எத்தனை வீடுகளில் தறிக்குழி மூடப்பட்டுத் தரை போடப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காஞ்சிப் பட்டுக்குப் பாவும் ஊடையும் கர்நாடகத்துப் பட்டு. சரிகை சூரத்திலிருந்து வருவது. சீனப் பட்டு நூலுக்கு இறக்குமதித் தீர்வையைக் கூட்டுவதும் குறைப்பதும் டெல்லி. ஜவுளிக்கு வரி விதிப்பது டெல்லி. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்ததும் ஒன்றியச் சட்டம். அந்தக் குறியீட்டைக் காக்காமல் விட்டால் கேள்வி கேட்கவேண்டிய இடமும் அதுவே. தறி பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. அதன் கயிறு டெல்லியில் இருக்கிறது.

விசைத்தறி எதை நெய்யக்கூடாது என்பதை வரையறுக்க 1985-இல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதலில் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டன. விசைத்தறிக்காரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. செல்லும் என்று தீர்ப்பு வந்த பிறகும் 22 என்பது 11 ஆகச் சுருங்கிற்று. சேலை, வேட்டி, ஜமக்காளம், நாம் உடுத்தும் லுங்கி ஆகியவை அந்தப் பதினொன்றில் இருக்கின்றன. ஏட்டில் இருக்கின்றன என்று சொல்லவேண்டும். கோர்வை போட்ட சேலை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓடவேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தரவேண்டும். இரண்டு பேர் பல நாள் உழைத்து ஒரு சேலை. அதே தோற்றத்தில் விசைத்தறியில் ஓட்டியெடுத்த சேலையைக் காஞ்சிப் பட்டு என்று சொல்லி விற்கிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். நம் வீட்டுத் திருமணத்துக்கு விலை மலிவு என்று அதை வாங்கியவர்களும் நம்மில் உண்டு.

2019-20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருப்பதாகச் சொல்கிறது. அந்த 35 இலட்சம் பேரின் சார்பில் அரசுக்கு ஆலோசனை சொல்ல ஏற்பட்ட அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020 ஜூலையில் கலைக்கப்பட்டது. நோய்த்தொற்றுக் காலம், தறிகள் நின்று, சேலைகள் விற்காமல் அடுக்கியிருந்த நேரம். அப்போது யார் எழுந்து ஏன் என்று கேட்டார்? அமைச்சர் என்ன விடை சொன்னார்? இந்தக் கேள்வியை நாம் உறுப்பினர்களை நோக்கிக் கேட்கவில்லை. நம்மை நோக்கிக் கேட்கிறோம். கேட்டவர் பெயரைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற ஆவல்கூட நம் ஊருக்கு இல்லாமற்போயிற்றே! ஒருவர் உண்மையிலேயே எழுந்து கேட்டிருந்தால், அவருக்கு நாம் ஒரு நன்றிக் கடிதம் கடன்பட்டிருக்கிறோம். நிழற்குடைக்கு எத்தனை நன்றிப் பலகைகள் வைத்தோம்!

உறுப்பினர்களுக்கு ஒரு சாக்கு உண்டு. 1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டும், மீறினால் பதவி போகும், நாங்கள் என் செய்வோம் என்பார்கள். பாதி உண்மை. கொறடாவின் கயிறு கைக்குத்தான், நாவுக்கு இல்லை. அவையில் பேசும் உரிமையை அரசியலமைப்பின் 105-ஆம் பிரிவு தந்திருக்கிறது. அங்கே சொன்ன சொல்லுக்காக எந்த நீதிமன்றமும் அவர்மீது கை வைக்க முடியாது. கட்சிக்கு ஒதுக்கிய நேரம் குறைவு என்பது மெய். ஆனால் எழுத்து மூலமாகக் கேட்கும் வினாவுக்கு யார் நேரமும் வேண்டாம். விதி 377-இன்கீழ்த் தொகுதிச் செய்தியை எழுப்பலாம். வெள்ளிக்கிழமைப் பிற்பகல் தனி உறுப்பினர் அலுவலுக்கென்றே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையே விமானம் ஏறவேண்டும் என்ற அவசரம் வேறு! அண்ணாவின் காலத்தில் ஆங்கிலம் வேண்டியிருந்தது. இன்று தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு ஊமையாக இருப்பது இயலாமையன்று.

ஆனால் அவர்களை ஊமையாக்கியது யார்? பேசியவரைத் தோற்கடித்துவிட்டுப் பேசாதவருக்குக் கைதட்டிய நாம்தான். மணமகன் வீட்டுக்கு வருகிறவர் கவிதை பாடமாட்டார் என்று தெரிந்தால் கவிஞர் எதற்கு ஏடு எடுத்துவரப் போகிறார்? கல்யாணத்துக்கு வந்தாரா, மையித்துக்கு வந்தாரா, கல்லூரி இடத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தாரா, நோன்புக் கஞ்சி குடிக்கத் தொப்பி போட்டு வந்தாரா என்று நாம் கணக்குப் பார்க்கும்வரை, அவரும் அந்தக் கணக்கைத்தான் சரிக்கட்டுவார். வாக்கு என்பது அமானிதம் என்று ஜும்ஆ மேடைகளில் சொல்கிறோம். அமானிதத்தை ஒப்படைத்தவருக்கு அதைத் திரும்பிப் பார்க்கும் கடமை இல்லையா? சரக்கை ஒப்படைத்துவிட்டு ஐந்தாண்டுகள் கணக்கே கேட்காத வணிகரை நம் கடைத்தெருவில் என்னவென்று அழைப்போம்?

நம் மத்ரஸாவில் மூத்த வகுப்பு மாணவர்களுக்கு, 1948 நவம்பர் 23-இன் விவாதத்தைச் சென்ற ஆண்டு நான்கு வியாழக்கிழமை மாலைகளில் தமிழாக்கிப் படித்துக் காட்டினோம். கிதாபு அல்லாத ஒன்றைக் கிதாபைப் போலவே வரி வரியாக வைத்துப் படித்தோம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் கேட்டான்: “உஸ்தாத், இதிலே கடைசியில் திருத்தம் தள்ளப்பட்டது என்று போட்டிருக்கிறதே?” தள்ளப்பட்டதுதான் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கைத்தறி வாரியத்தைக் கலைத்ததைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் அதுவும் இப்படி அச்சில் இருக்குமா என்று கேட்டான். அவனுடைய அத்தா நெய்த தறி அந்த ஆண்டில்தான் நின்றது. இருக்கும், தேடு என்றோம். இரண்டு அவைகளின் வினா விடைகளும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆங்கிலம் தெரிந்த ஒரு கல்லூரி மாணவரை அவனோடு சேர்த்துவிட்டிருக்கிறோம். 2020 செப்டம்பர்க் கூட்டத்தொடரிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். கிடைப்பதை, யார் கேட்டார், என்ன விடை வந்தது என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் படித்துக்காட்டுவதாக ஏற்பாடு. வழக்கமாக அந்தக் கூட்டத்தில் பள்ளிவாசல் கழிவுநீர்க் கால்வாய்க்கு உறுப்பினரிடம் மனுக் கொடுப்பது பற்றிப் பேசுவார்கள். இந்த முறை அதற்கு முன்னால் பத்து நிமிடம் கேட்டிருக்கிறோம்.